மேசையைக் குத்தியது பரவாயில்லை

2025 ஜூனில் நார்வேயின் ஸ்டாவஞ்சரில் நடந்த செஸ் போட்டியில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் குகேஷிடம் கோட்டைவிட்ட முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன், மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. அந்த வீடியோவை வைத்து ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள்: கார்ல்சனுக்குப் பக்குவம் இல்லை, குகேஷைப் பார், எவ்வளவு அமைதி! தானும் நிறைய மேசைகளைக் குத்தியிருப்பதாகப் பிறகு குகேஷே சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை.

செஸ் ஆடுபவர்களின் அமைதியை நாம் பிறவிக் குணம் போலப் பேசுகிறோம். எனக்கு அது பெரும்பாலும் தொழில் சுத்தமாகத்தான் தெரிகிறது. எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் தப்பான நகர்த்தலைச் செய்துவிட்டீர்கள், அவர் இன்னும் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் முகம் சுருங்கினால் போச்சு, விடையை நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி. 1959 கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவுசெய்யும் போட்டி) மிகயில் தால் என்ற வீரரின் முறைப்புக்குத் தப்பிக்க, எதிரே ஆடிய பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடினார். (அப்படியும் தோற்றார், அது வேறு கதை.)

வருத்தத்தை மறைப்பதைவிடச் சந்தோஷத்தை மறைப்பது கஷ்டம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். அது பெரிய தப்பு. குகேஷுக்கும் உடனே பிடிபடவில்லை. வேறு நகர்த்தலைச் செய்யப் போனவர் சட்டென்று நின்றார். யானைகளை வெட்டிக்கொண்டு பிஷப்பையும் மாற்றிவிட்டால் மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அதில் ஜெயம் உறுதி. உலகப் பட்டம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, வயது 18. அப்போதும் தண்ணீர் குடித்து, தன்னை அடக்கிக்கொண்டு, கணக்கைச் சரிபார்த்த பிறகுதான் காயைத் தொட்டார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்த பிறகு குகேஷ் அழுத அழுகையைப் பார்த்தோமே! உள்ளே அவ்வளவும் இருந்திருக்கிறது.

அதனால் எனக்கு ஒரே அளவுகோல்தான். ஆட்டம் நடக்கும்போது எதிராளியைத் தொந்தரவு செய்யக் கூடாது. உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதியே அதைத் தடுக்கிறது. தோல்வி உறுதியான பிறகு ஒருவர் மேசையைக் குத்தினால் அது அவருக்கும் மேசைக்கும் உள்ள விவகாரம். கார்ல்சன் அங்கேயே மன்னிப்பும் கேட்டார், குகேஷின் முதுகிலும் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு உறுத்தியது 2025 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த காட்சிப் போட்டி. ஜெயித்ததும் அமெரிக்க வீரர் நகமுரா, குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். கேளிக்கைக்காகச் செய்தது என்றார்கள். இருக்கட்டும். கார்ல்சனின் குத்தில் வலி இருந்தது, இந்த வீச்சில் கைதட்டலுக்கான கணக்குதான் இருந்தது. இதற்கு அந்த மேசைக் குத்தே தேவலை.