இட்லியும் மாயையா சார்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கு: ‘நான்’ என்று ஒருவர் உள்ளே இல்லவே இல்லை என்று ஒரு பேச்சாளர் மூளை அறிவியலைக் காட்டிப் பேசினார்.

‘நான்’ என்பதே மூளை செய்கிற மோசடியாம். மரபணுவும் வளர்ந்த சூழலும் ஆட்டுவிக்கும் பொம்மையாம். எனக்கும் அதில் பாதி சம்மதம்தான். ஆத்மா என்று ஒன்றில்லை என்று புத்தர் சொல்லி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் அவர் அதைச் சொன்ன கையோடு வினையும் கிடையாது என்று கழன்றுகொள்ளவில்லை. அரிசியும் உளுந்தும் புளித்துத்தான் இட்லி. அதனால் இட்லி பொய்யா?

நான் எழுந்து கேட்டது அப்பாவைப் பற்றி. பக்கவாதத்துக்கு முன் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனுஷன், பிறகு என்னையே வாய்க்கு வந்தபடி திட்டினார். எது என் அப்பா என்றேன். “நீங்க தேடுற அப்பா எப்பவுமே இருந்ததில்லம்மா” என்றார் பேச்சாளர். சிரிப்பு. கைதட்டல் வேறு.

ஃபினியஸ் கேஜ் படத்தைக் காட்டினார். 1848, அமெரிக்காவின் வெர்மான்ட், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கிற வேலை. வெடிமருந்து கிட்டிக்கும் இரும்புக்கம்பி கன்னத்தில் ஏறி உச்சி மண்டை வழியே போனது. ஆள் பிழைத்தார், குணம் மாறியது, ‘இவன் பழைய கேஜ் இல்லை’ என்றார்கள் சிநேகிதர்கள். அதோடு ஸ்லைடை மாற்றிவிட்டார் நம் பேச்சாளர். அதே கேஜ் சிலிக்குப் போய்ப் பல வருஷம் பயணிகளை ஏற்றிக் குதிரை வண்டி ஓட்டினாரே, அது யார் சார்?

‘அறிவியலுக்கு எதிரியா நீ’ என்று வருவீர்கள். மூளை ஆய்வாளர் லிபெட்டின் 1983 சோதனையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். கையை அசைக்கத் தோன்றுவதற்குச் சுமார் மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் அலை கிளம்புகிறது, அதனால் முடிவெடுப்பது ‘நான்’ இல்லை என்பீர்கள், தெரியும். கையசைப்பதும், திட்டு வாங்கிக்கொண்டே நாலு வருஷம் ஒருவரைக் குளிப்பாட்டுவதும் ஒன்றா? உணர்ச்சிவசப்படுகிறேனாம். ஆமாம், படுகிறேன்.

ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்த பேச்சாளருக்கு டிராஃபிக் காரணம். சரி, சூழல். மைக்கை நீட்டத் தடுமாறிய பையனிடம் மட்டும் “புத்தி இருக்கா?” என்று எகிறினாரே, அவனுக்கு மரபணுவும் சூழலும் கிடையாதா? பொன்னாடைக்குக் குனிந்த கழுத்து யாருடையது? எவருக்கும் ‘நான்’ இல்லை என்றால் முதலில் அந்தப் பையனையல்லவா மன்னித்திருக்க வேண்டும்? ஒருவர்கூட அவனுக்காக வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அப்பா ஆயுசு முழுக்கப் பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார். இடது கை விழுந்த பிறகும், சில நாள் என் பேரே வராதபோதும், ஒற்றைக் கையால் அலசி, பல்லால் கிளிப்பைக் கடித்துத் திறந்து மாட்டுவார். மாட்டிவிட்டு மறுபடி என்னைத் திட்டுவார்.

கிளிப் இன்னும் கொடியில்தான் இருக்கிறது.