6-5 என்ற கணக்கை வைத்து லேனியை எடைபோடாதீர்கள்

2019ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இருக்கும் லேனி கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஆறு ஆட்டங்களில் வென்றது, ஐந்தில் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்கள் மாநில சாம்பியன். நெட்ஃப்ளிக்ஸ் அந்த 2019 சீசனைப் படம்பிடித்து அடுத்த ஆண்டு வெளியிட்டதால், ஊர் உலகமெல்லாம் அந்தத் தோல்விகளைப் பார்த்தது. "சாம்பியன் அணி இப்படிச் சரிந்துவிட்டதே" என்று இன்றும் யாராவது எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கேட்பதில்லை.

லேனி ஓர் இரண்டாண்டுக் கல்லூரி. இந்த வகைக் கல்லூரி அணிகளை ஜூகோ என்பார்கள். பள்ளி மதிப்பெண் போதாதவர்கள், உயரம் எடை பற்றாது என்று பெரிய பல்கலைக்கழகங்கள் ஒதுக்கியவர்கள், வீட்டை விட்டு நகர முடியாத நிலையில் இருப்பவர்கள் இங்கே வருகிறார்கள். கையில் இருப்பது இரண்டு சீசன். அதற்குள் பாடங்களிலும் தேற வேண்டும், ஆடிய வீடியோவைப் பார்த்து நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகையோடு அழைக்கவும் வேண்டும். சீசனுக்கு முறையான ஆட்டங்கள் பத்துதான், அதற்கு மேல் ஒன்றிரண்டு கிடைத்தால் உண்டு. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பையனின் முழங்கால் போனால் அந்த ஆண்டே போயிற்று. லேனிக்கு 2019ல் காயத்துக்கு மேல் காயம். ஆட்டத்தை நடத்த வேண்டிய குவார்ட்டர்பேக்குகளே ஒவ்வொருவராக அடிபட்டார்கள்.

ஆனால் நான் பேச வந்தது காயத்தைப் பற்றி அல்ல. கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரக்கூடாது என்பது அந்த மாநில விதி. லேனியில் விடுதியும் கிடையாது. மிசிசிப்பியிலும் கான்சஸிலும் ஜூகோ வீரருக்குத் தங்க ஓர் அறை உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. ஓக்லண்டில், அமெரிக்காவிலேயே வாடகை அதிகமான வட்டாரங்களில் ஒன்றில், பத்தொன்பது வயதுப் பையன் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 2019 அணியில் ஒருவர் வகுப்பு, பயிற்சி, துரித உணவுக் கடை வேலை எல்லாம் முடித்துவிட்டுத் தன் காரிலேயே தூங்கினார். காலையில் மறுபடி வகுப்பு. இப்படி இருப்பவர்களைக் கொண்டு ஆறு ஆட்டம் வென்ற அணியைச் சரிந்த அணி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதே 2019ல்தான் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. வீடில்லாத மாணவர்கள் கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் இரவு காரில் தூங்க இடம் கொடுங்கள் என்பதுதான் அதன் கோரிக்கை. படுக்கை கூட இல்லை, நிறுத்துமிடம்தான் கேட்டார்கள். அதுவும் சட்டமாகாமல் போனது. இந்த மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இரண்டாண்டுக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இது.

அந்த ஓட்டையை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவர் பயிற்சியாளர் ஜான் பீம். ஓக்லண்டின் ஸ்கைலைன் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு லேனிக்கு வந்தவர், 2012ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் பயின்றவர்களில் குறைந்தது 20 பேர் என்எஃப்எல் எனும் தொழில்முறை ஃபுட்பால் லீக் வரை போனார்கள். நாஷான் ரைட், ரெஜான் ரைட் என்ற அண்ணன் தம்பி இருவரும் லேனியிலிருந்து ஒரேகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் போய், அங்கிருந்து என்எஃப்எல் போனவர்கள். தந்தை கொலையுண்டு ஃபுட்பாலே வேண்டாம் என்றிருந்த நேரத்தில் நாஷானைத் திரும்ப மைதானத்துக்கு அழைத்துவந்தவர் பீம்தான். ஆனால் என்எஃப்எல் போகாதவர்களை வைத்துத்தான் நான் அவரை மதிக்கிறேன். வகுப்புக்கு வராதவனைத் தேடிப் போய்க் கேட்பது, பட்டம் வாங்கும்வரை விடாமல் இருப்பது, பல ஆண்டு கழித்தும் பேர் சொல்லிக் கூப்பிடுவது, இதுதான் அவருடைய அன்றாட வேலையாக இருந்தது.

2025 நவம்பர் 13 அன்று அதே கல்லூரி வளாகத்தில் அவரைச் சுட்டார்கள். மறுநாள் இறந்துவிட்டார். வயது 66. அணியின் பயிற்சியை விட்டிருந்தாலும் விளையாட்டுத் துறைத் தலைவராக அங்கேயேதான் இருந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை.

எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள், அது நியாயம்தான். ஆனால் ஒரு மனிதர் அன்பினால் செய்த காரியத்தை அரசு பணம் போட்டுச் செய்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. நல்ல பயிற்சியாளர் கிடைத்த பையன் பிழைத்தான், கிடைக்காதவன் போனான் என்று விட்டுவிட முடியுமா?

ஓக்லண்டுக்கு இது இன்னும் முக்கியம். கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது, என்எஃப்எல் அணியான ரெய்டர்ஸ் 2020ல் லாஸ் வேகஸுக்கு, பேஸ்பால் அணியான ஏ'ஸ் 2024 சீசனோடு கிளம்பிவிட்டது. அந்த ஏ'ஸ் 2017ல் லேனியை ஒட்டிய நிலத்தில்தான் ஸ்டேடியம் கட்டக் கேட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள், கல்லூரி மாவட்ட நிர்வாகம் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. அன்று அவர்கள் செய்தது சரி. கோடிகள் புரண்ட அணிகள் மூன்றும் போய்விட்டன, லேனி அங்கேயே இருக்கிறது.

இலவச அறையும் சாப்பாடும் கொடுத்தால் வெளிமாநிலத்து ஆட்களை இறக்குமதி செய்யும் போட்டி தொடங்கிவிடும் என்று ஒரு வாதம் வரும். அதில் உண்மை உண்டு. கான்சஸ் 2016ல் வெளிமாநில வீரர்களுக்கான வரம்பை எடுத்தது. அங்கே இண்டிபெண்டன்ஸ் கல்லூரி அணி 2017ல் ஒன்பது ஆட்டம் வென்று இரண்டில் தோற்றது, அடுத்த ஆண்டே இரண்டு வென்று எட்டில் தோற்றது. வெளியூர் நட்சத்திரங்களை அள்ளிப் போட்டு ஜெயிக்கப் பார்க்கும் அணி அப்படித்தான் ஆடும். சரி, அதற்கு வழி இருக்கிறது. மிசிசிப்பியில் விடுதியும் கொடுக்கிறார்கள், வெளிமாநில வீரர்கள் எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா அதையே செய்யட்டும்: உள்ளூர் மாணவர்களுக்கு முதலில், ஃபுட்பால் ஆடினாலும் ஆடாவிட்டாலும், கல்லூரியை ஒட்டி ஒரு படுக்கை, ஒரு சமையலறை. ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும் முன் அது கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்று கணக்குக் கேளுங்கள்.