ஃபோர்டு கதை வேறு

அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்து மூன்று பெரிய கார் கம்பெனிகளும் (ஜிஎம், கிரைஸ்லர், ஃபோர்டு) 2009-இல் அரசுப் பணத்தில்தான் பிழைத்தன என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), கிரைஸ்லர் விஷயத்தில் அது சரி. இரண்டும் திவால் மனுவே போட்டன. ஃபோர்டையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

2008 நிதி நெருக்கடி வெடிப்பதற்கு முன்பே, 2006 கடைசியில், ஃபோர்டு சுமார் 2,360 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டது. தொழிற்சாலைகள், காப்புரிமைகள் மட்டுமல்ல, அந்த நீள்வட்ட நீல லோகோவையே அடமானம் வைத்தார்கள்! 2008-இல் கடன் கிடைப்பது நின்றுபோனபோது அந்தக் காசுதான் தாங்கிப் பிடித்தது.

அப்புறம் ஆலன் முலாலி. விமானக் கம்பெனியான போயிங்கிலிருந்து ஃபோர்டின் தலைமை நிர்வாகியாக வந்தவர். வாராவாரம் வியாழக்கிழமை கூட்டம். அதில் ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலையின் நிலையை நிறத்தால் காட்ட வேண்டும்: ஒழுங்காகப் போனால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு. கம்பெனி பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் இருக்க, அதிகாரிகள் எல்லாரும் பச்சையே காட்டினார்களாம். ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி துணிந்து சிவப்பு காட்டியதும் முலாலி கைதட்டினார். என்னைக் கேட்டால் அந்தக் கடனைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஃபோர்டு தன் கையிலிருந்த வேறு கார் பிராண்டுகளையும் விற்றது: ஜாகுவார், லேண்ட் ரோவர் டாடாவுக்குப் போயின, வால்வோ சீனாவின் ஜீலிக்கு. 2009-இல் அமெரிக்க எரிசக்தித் துறை ஃபோர்டுக்கு 590 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்ததையும் மறைக்க வேண்டாம். ஆனால் அது மைலேஜ் கூடிய வண்டிகள் செய்வதற்கு. நிசானுக்கும் அந்தத் திட்டத்தில் கடன் கிடைத்தது. அடமானத்திலிருந்து லோகோ மீண்டது 2012 மே மாதம்தான்.