தோண்டுற மேட்டுலயே புதுசா கொட்டுறோம்

சென்னை துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல பூநாரையும் கூழைக்கடாவும் நிக்கும், அந்தாண்ட பெருங்குடி குப்பைமேடு நிக்கும். 2022 ஏப்ரல் கடைசில அந்த மேடு பத்திக்கிட்டு நாள்கணக்கா புகைஞ்சுது, அதே வருஷம் ஜூலைலதான் பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கிற அங்கீகாரம், கிடைச்சதா அறிவிச்சாங்க.

ஏன் தீப்பிடிக்குதுன்னா, சோறு, காய்கறித் தோல், பூ எல்லாம் பிளாஸ்டிக்கோட சேர்ந்து காத்துப் படாம அடியில புதைஞ்சு அழுகுனா மீத்தேன் வரும், வெயில் காலத்துல அதுக்கு ஒரு பொறி போதும். மழை பெய்ஞ்சா அதே குப்பை கறுப்பு சாறா இறங்கி சதுப்புக்குள்ள போகும்.

இப்ப பெருங்குடியிலயும், வடசென்னையில இருக்குற கொடுங்கையூர் குப்பைமேட்டுலயும் பயோமைனிங் நடக்குது. பழைய குப்பையத் தோண்டி, காயவெச்சு, சல்லடையில சலிச்சு மண்ணு தனியா கல்லு தனியா பிரிச்சு, எரியுற பிளாஸ்டிக்க சிமென்ட் ஆலைக்கு அனுப்புறாங்க. நல்ல வேலை, மனசாரச் சொல்றேன். ஆனா நூத்துக்கணக்கான கோடி செலவு பண்ணி ஒரு பக்கம் தோண்டிக்கிட்டே இன்னொரு பக்கம் புதுக் குப்பையக் கொட்டிக்கிட்டு இருந்தா இது எப்ப முடியும்? சென்னையில தினம் 5000 டன்னுக்கு மேல குப்பை வருது, அதுல பாதிக்கு மேல மக்கும் குப்பை. அது லாரியில ஏறவே கூடாதுங்க. அந்தந்த வார்டுலயே உரமாக்கணும், கோயம்பேடு மார்க்கெட் மாதிரி இடத்துக்கு சாண எரிவாயு மாதிரி பயோகேஸ் பிளான்ட் சரியா ஓடணும். எத்தனை டன் அள்ளுனாங்கன்னு கேக்குறதோட, இந்த வார்டுல இருந்து எத்தனை டன் வெளிய போகலைன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க.

கொடுங்கையூர்ல எரிஉலை கொண்டுவர்ற திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்க்கிறாங்க, நானும் அவங்க பக்கம்தான். நம்ம குப்பைல பாதி ஈரம், அதை எரிக்கிறதே பெரும்பாடு, அந்தப் புகையையும் ஏற்கெனவே மூச்சுத்திணறி வாழுற ஜனங்க தலையிலயே கட்டணுமா?

இதுல நம்ம பங்கும் இருக்கு. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, பெயின்ட் டப்பா மாதிரி அபாயக் குப்பைன்னு மூணா பிரிச்சுக் குடுக்கணும்னு 2016 விதியிலயே இருந்துச்சு. எங்க பில்டிங்ல இருபத்திநாலு வீடு, போன வருஷம் வரைக்கும் எல்லாம் ஒரே கவர்தான். பேட்டரி வண்டில வர்ற அக்கா ஒருநாள் உள்ளங்கையில கிழிஞ்ச இடத்தைக் காட்டி "கண்ணாடி உடைஞ்சா பேப்பர்ல சுத்தி தனியா குடும்மா"ன்னாங்க. அவ்ளோதான் கேட்டாங்க. கையுறைய மீறி குத்தியிருக்கு, நாங்க கட்டிப்போட்ட கவரை அவங்க நின்னு பிரிச்சிருக்காங்க.

2025 ஆகஸ்ட்ல மாநகராட்சி தலைமை ஆபீஸான ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் பதிமூணு நாள் உக்காந்திருந்தாங்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள தனியார்கிட்ட குடுக்குறத எதிர்த்து, கடைசில ராத்திரியோட ராத்திரியா கைது பண்ணி அப்புறப்படுத்துனாங்களே, அப்ப எனக்கு அந்த உள்ளங்கைதான் ஞாபகம் வந்துச்சு. பிரிச்சு வாங்குறதும், பிரிக்காததை வாங்க மறுத்து சொல்லிக்குடுக்குறதும் நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவங்களால எப்படி முடியும்? நிரந்தர வேலை குடுங்க, அதே தெருவுல அஞ்சு வருஷம் ஒரே ஆள் வரட்டும், எந்த வீடு பிரிக்குது எந்த வீடு பிரிக்கலைன்னு அவங்களுக்கு அத்துப்படியா தெரியும்.

எங்க பில்டிங்ல இப்ப இருபது வீடு பிரிக்குது. மீதி நாலு வீட்டுக்கு இந்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன்.