பள்ளிக்கூட நாடகம்தானே என்று ஒதுக்காதீர்கள்

'ஸ்கூல் நாடகம்' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்கு யாழ்ப்பாணத்து நாடகாசிரியர் 'குழந்தை' ம. சண்முகலிங்கம்தான் நினைவுக்கு வருவார். பள்ளி ஆசிரியர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். சிறுவர்களுக்கு 'கூடி விளையாடு பாப்பா' நாடகம் எழுதிய அதே கைதான் 1985இல் பெரியவர்களுக்கான 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தையும் எழுதியது, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தார். இலங்கைப் போர் மனத்தில் உண்டாக்கிய காயத்தை இவரது 'அன்னை இட்ட தீ' நாடகம் பேசியது. வாத்தியார் வேலை இவர் எழுத்துக்கு இடைஞ்சல் இல்லை, அதுதான் பட்டறை என்பேன்.

வகுப்பில் 40 பிள்ளைகள். ராஜா, மந்திரி, சேவகன் என்று எழுதினால் ஆறு பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரையும் மேடையேற்ற, கதையை எடுத்துச் சொல்லும் எடுத்துரைஞரும் பாடுவோர் குழுவும் வேண்டும். அந்தக் குழுவே மரமாகும், படகாகும், ரேஷன் கியூவாகும். செட் செலவும் இல்லை. 'மண் சுமந்த மேனிய'ரிலும் எடுத்துரைஞர்கள் உண்டு.

அடுத்தது வசனம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழில் வினை கடைசியில் வரும். பிள்ளைக்கு மூச்சு முட்டுவதும் அங்கேதான். "உன் அண்ணன் அந்தப் பணத்தை எடுத்ததை நான் கண்ணால் பார்க்கவே இல்லை" என்று எழுதுகிறோம். நடுவில் ஒரே மைக். பையன் பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுவான். 'இல்லை' தொண்டைக்குள் போய்விடும். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு அண்ணன் திருடன்! பேச்சுத்தமிழ் இதற்கு வழி வைத்திருக்கிறது: "நான் பார்க்கலைடா. உன் அண்ணன் எடுத்ததை நான் பார்க்கலை." வினையை முன்னால் போட்டு, வரிக்கு ஐந்தாறு சொல்லோடு நிறுத்த வேண்டும். ஒத்திகையில் கடைசி வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். புரியாத வரியை அங்கேயே திருத்துங்கள்.

இப்படிப் பழகிய காதோடு சிறுகதைக்கும் நாவலுக்கும் வரும் ஆசிரியர்களுக்கு உரையாடல் தானாக அமையும். ஆனால் ஒரு பழைய பழக்கம் கூடவே வரும். கதையில் முகத்தைக் காட்ட நடிகர் இல்லையே என்ற பயத்தில் எல்லாவற்றையும் பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். "எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை" என்று அம்மா பேச வேண்டியதில்லை. மகன் போதும் போதும் என்கிறபோதே தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போகட்டும். வசனத்தை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கோபம் அங்கேயே இருக்கும்.

ஆண்டுவிழாவுக்கு ஸ்கிரிப்ட் தேடும் ஆசிரியர்களே, யூடியூபைத் திறக்கும் முன் 'கூடி விளையாடு பாப்பா'வைத் தேடி எடுத்து உங்கள் வகுப்பில் ஒருமுறை சத்தமாக வாசிக்கவிடுங்கள்.