ஏசியில் கேஸ் தானாகத் தீராது

பங்குனி பிறந்தால் போதும், தெருவுக்குத் தெரு இந்த வசனம் கேட்கத் தொடங்கிவிடும்: "சார், கேஸ் கம்மியா இருக்கு, அடிச்சா சரியாயிடும்." ஒன்றரை டன் ஏசிக்கு மூவாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகப் பேசி முடித்து, அரை மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிடும். அறை குளிரும். அடுத்த கோடையில் மறுபடியும் அதே ஆள், அதே சிலிண்டர்.

ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரசர், வெளியே கண்டென்சர், நடுவில் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது கேபிலரி, உள்ளே கூலிங் காயில். கேஸ் இந்த நான்குக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறதே தவிர, எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. நல்ல முறையில் மாட்டிய ஏசியில் பத்து வருடம் கழித்தும் முதல் நாள் இருந்த கேஸ்தான் இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பது, பஞ்சரான டியூபுக்கு வாரா வாரம் காற்று மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. என்ன வித்தியாசம் என்றால், டியூபிலிருந்து போவது வெறும் காற்று. ஏசியிலிருந்து போவது அப்படியல்ல.

கணக்கைப் பார்ப்போம். ஒரு வாயு நூறு ஆண்டுகளில் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதைக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டு ஒரு எண் தருவார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கைப்படி அந்த எண், ஏசி கேஸ்களில் பழையதான ஆர்-22க்கு 1810, ஆர்-410ஏக்கு 2088, இப்போது கடைகளில் அதிகம் விற்கும் ஆர்-32க்கு 675. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் இருப்பது ஒரு கிலோவுக்கு முன்பின்னான கேஸ். ஆர்-410ஏ ஒரு கிலோ முழுக்கக் கசிந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வரும். அப்படியானால் அந்த ஒரு கிலோ, 900 லிட்டர் பெட்ரோல்.

இதை மின்சாரத்தோடு வைத்துப் பாருங்கள். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துத்தான் யூனிட் போடுகிறார்கள். ஒன்றரை டன், மூன்று ஸ்டார் என்றால் சுமார் 1000 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்றால், ஆண்டுக்கு 700 கிலோ. ஆர்-410ஏ ஒருமுறை முழுக்கக் கசிந்தால் மூன்று வருடக் கரண்டுக்குச் சமம். ஆர்-32 என்றால் ஒரு வருடக் கரண்டு.

"24 டிகிரியில் வையுங்கள்" என்ற பிரச்சாரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று ஸ்டார் லேபிள் தரும் மத்திய அரசு அமைப்பான பிஇஇ சொல்கிறது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. 20இல் வைப்பவர் 24க்கு மாறினால் ஆண்டுக்குச் சுமார் 170 கிலோ கரியமில வாயு குறையும். அதே வீட்டு ஏசியில் ஆர்-32 ஒருமுறை முழுக்கக் கசிந்தால் நான்கு வருடம் சேர்த்த மிச்சம் காலி. ஆர்-410ஏ என்றால் பன்னிரண்டு வருடம். ரிமோட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், செப்புக் குழாயைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்த வாயுக்களுக்கு ஏன் இவ்வளவு வீரியம்? பூமி இரவும் பகலும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விடுகிறது. அதில் 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளத்தை நீராவியும் கரியமில வாயுவும் பெரிதாகத் தடுப்பதில்லை. வெப்பம் தப்பிச் செல்ல அங்கே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. கார்பனும் ஃப்ளோரினும் சேர்ந்த பிணைப்பு உறிஞ்சுவது சரியாக அந்த இடத்தில். ஏற்கெனவே மூடிக் கிடக்கும் பகுதியில் இன்னும் கொஞ்சம் கரியமில வாயு சேர்வதைவிட, திறந்த ஜன்னலை அடைப்பதால் விளைவு பல மடங்கு.

இதை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, 1960களில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஃப்ரிட்ஜிலிருந்து கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அங்கே அவர் வேலை! பிறகு அமெரிக்கா போய், நாசாவில் இருந்தபோது 1975இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலத்து ஃப்ரிட்ஜ் கேஸான சிஎஃப்சியின் ஒரு மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரியமில வாயு மூலக்கூறுகள் செய்யும் வேலையைச் செய்யும் என்று காட்டினார். அதுவரை காலநிலை என்றாலே கரியமில வாயு மட்டும்தான் என்றிருந்தது.

சிஎஃப்சி ஓசோனைத் தின்கிறது என்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. சிஎஃப்சி வகையான ஆர்-12 போனது, ஆர்-22 படிப்படியாகப் போகிறது. அவற்றின் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, ஆர்-410ஏ வகையறா ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடிப்பதில் குறை வைக்கவில்லை. கடைக்காரர் "இது சுற்றுச்சூழலுக்கு நல்ல கேஸ் சார்" என்று சொல்வது ஓசோன் கணக்கில் மட்டும் உண்மை. ஆர்-32 தேவலை. அது காற்றில் ஐந்து வருடம்தான் தங்கும். ஆனால் தங்கும் அந்தக் காலத்தில் கடுமையாக வேலை செய்யும்: நூறு ஆண்டுக்குப் பதில் இருபது ஆண்டுக்குக் கணக்கிட்டால் அந்த 675, 2300ஐத் தாண்டுகிறது. தலைகீழாகப் பார்த்தால் இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. கசிவை நிறுத்தினால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உலகப் பசுங்குடில் வாயுக்களில் இந்த வகையின் பங்கு இன்றைக்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான். நிலக்கரியும் எண்ணெயும்தான் முதல் குற்றவாளிகள், ஏசி மெக்கானிக் அல்ல. ஆனால் இந்தியாவில் பத்து வீட்டுக்கு ஒன்றில்தான் ஏசி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் புதிதாக விற்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, "ஏசி வாங்காதே" என்று யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ராத்திரியிலும் புழுக்கம் குறையாத ஊரில் அது ஆடம்பரம் இல்லை. வாங்கட்டும். மாட்டுவதை ஒழுங்காக மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கசிவு எங்கே வருகிறது? முக்கால்வாசி ஃப்ளேர் நட்டில், அதாவது செப்புக் குழாயின் வாயைப் புனல்போல் விரித்து இறுக்கும் இணைப்பில். குழாயை வெட்டியபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறை ரீமரால் எடுக்காமல் அப்படியே விரித்தால் புனல் வாய் சீராக வராது. எடுக்கும்போது குழாயைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் செப்புத் தூள் உள்ளே விழும். அடுத்தது இறுக்கம். கால் அங்குல நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குல நட்டுக்குச் சுமார் 55. டார்க் ரென்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்கும்போது சின்ன நட்டுதான் அதிகம் அடிபடுகிறது. "நல்லா டைட் பண்ணிட்டேன்" என்பார்கள். அந்த 'நல்லா'வில்தான் விரித்த வாய் மெலிந்து, ஒரு கோடையில் முடியளவு வெடிப்பு விடும். வீடு மாறும்போது பழைய ஃப்ளேரையே மறுபடி மாட்டுவதும் இதே வகை. ஐந்து சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாக விரிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

காயில் ஓட்டை வேறு கதை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் தகடுகளை உதிர வைக்கும். சாக்கடைக்கு மேலேயோ கழிவறைக் காற்றுக்குழாய் பக்கத்திலேயோ மாட்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுப்பாக்கி அரித்துவிடும். வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதைக் கட்டடத்தின் அழகை வைத்து முடிவு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். ஃபில்டர் அடைந்திருந்தாலும் குளிராது, காயிலில் ஐஸும் கட்டும். வெளி யூனிட்டில் தூசி அப்பியிருந்தாலும், கெப்பாசிட்டர் பலவீனமானாலும் குளிராது. முதலில் ஃபில்டரையும் வெளி யூனிட்டையும் கழுவிவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் பாருங்கள். சாதாரண தெர்மாமீட்டர் போதும். 8 முதல் 12 டிகிரி இருந்தால் பெரும்பாலும் கேஸ் பிரச்சினை இல்லை. நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அங்கே கசிவு. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து வெளியேறும் என்பதால் இது நல்ல தடயம்.

சரியான முறை இதுதான். மிச்சமுள்ள கேஸைத் தனி சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும். பிறகு உலர் நைட்ரஜனை ஏற்றி, ஆர்-32, ஆர்-410ஏ என்றால் 400 பிஎஸ்ஐ அளவுக்குக் கொண்டுபோய், எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஓட்டையை அடைத்தபின் ஒரு மணி நேரமாவது அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். அடுத்து வேக்கும் பம்பால் உள்காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இழுத்து (இங்கே மைக்ரான் என்பது வெற்றிடத்தின் அளவு), பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறினால் இன்னும் ஓட்டை. ஈரத்தை விட்டுவிட்டால் அது கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் காயிலைத் தின்னும். கடைசியாகத்தான் கேஸ், அதுவும் தராசில் வைத்து, யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகமே ஏறி இறங்குவதால் "கேஜில் 120 வந்தா போதும்" என்ற பழைய கைக்கணக்கு செல்லாது.

நடைமுறையில் நடப்பதோ, பம்பே கொண்டுவராமல் ஒரு நட்டைத் தளர்த்தி, யூனிட்டில் இருக்கும் கேஸையே திறந்துவிட்டு உள்காற்றைத் தள்ளுவது. காற்றோடு கேஸும் போகிறது, ஈரம் மட்டும் போவதில்லை.

இதற்கு மெக்கானிக்கைத் திட்டுவது எளிது. நைட்ரஜன் சிலிண்டரையும் பம்பையும் பைக்கில் ஏற்றி மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போய் அரை நாள் வேலை செய்தால் அவருக்கு அதற்கென்று யார் கூலி தருகிறார்கள்? கேஸுக்குத்தான் விலை பேசுகிறோம். கசிவைக் கண்டுபிடித்ததற்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் "சோப்பு நுரை தடவினதுக்கா?" என்கிறோம். ஓட்டையை அடைக்காமல் விட்டால் அடுத்த வருடமும் வருமானம் வரும்படி இந்தத் தொழிலை வைத்திருப்பது நாம்தான். விற்கும் கம்பெனிகளும் இன்ஸ்டலேஷன் ஆளுக்கு எண்ணிக்கைக் கணக்கில் காசு கொடுக்கின்றன. ஒரே நாளில் ஆறு ஏசி மாட்டுகிறவர் எந்த ஏசிக்கு நிதானமாக வேக்கும் இழுப்பார்? கசிவு தேடுதலுக்குத் தனிக் கூலி, அடைத்ததற்கு ஓராண்டு உத்தரவாதம் என்று பேசி வேலை கொடுங்கள். நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், இதற்கு உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வீடு மாறும்போது பம்ப் டவுன் செய்யாமல் கழற்ற விடாதீர்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஜ் பூஜ்ஜியத்துக்கு வரும் நேரத்தில் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். கேஸ் முழுவதும் வெளி யூனிட்டில் அடங்கிவிடும். நிறுத்த மறந்தாலோ, இணைப்பு எங்காவது திறந்திருந்தாலோ கம்ப்ரசர் காற்றை உறிஞ்சி, எண்ணெயோடு அழுத்தி வெடித்துவிடும். தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களையும் சேர்த்த 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. 2028இல் இந்த வாயுக்களின் அளவு உறைய வேண்டும், 2032இல் 10 சதவீதம் குறைய வேண்டும், பிறகு 20, 30 என்று போய் 2047இல் 85 சதவீதம். ப்ரொப்பேன் என்கிற ஆர்-290 போட்ட ஏசிகளை கோத்ரெஜ் 2012லிருந்தே இங்கே விற்கிறது. அதன் வெப்ப எண் வெறும் 3 அளவுதான். தீப்பற்றும் என்பதால் அளவும் இடமும் பார்த்து மாட்ட வேண்டும், பயிற்சி இல்லாத கையில் கொடுக்க முடியாது. எப்படியும் திசை அதுதான். ஆனால் கிகாலி கணக்கெடுப்பது தயாரிப்பையும் இறக்குமதியையும் மட்டுமே. ஏற்கெனவே நம் சுவர்களில் தொங்கும் கோடிக்கணக்கான ஏசிகளுக்குள் இருக்கும் கேஸ் அந்தக் கணக்கில் வராது. காயலான் கடைக்குப் போனதும் செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள், புஸ்ஸென்று ஒரு சத்தம், இரண்டு டன் கரியமில வாயு போன மாதிரி.

மீட்கும் மெஷின் தனி மெக்கானிக்கால் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஐடிஐ இருக்கும் ஊர்களிலாவது அதை நாள் வாடகைக்கு வைக்கலாம், கொண்டுவரும் கேஸுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசும் கொடுக்கலாம். கொடுத்தால் காயலான் கடைக்காரரே முதல் ஆளாகக் கொண்டுவந்து நிற்பார். ஆனால் ஆர்-22க்கு ஒன்று, ஆர்-410ஏக்கு ஒன்று, ஆர்-32க்கு ஒன்று என சிலிண்டர்கள் தனித்தனியாக வேண்டும். கலந்துவிட்டால் பிரிப்பது மிகக் கஷ்டம், பெரும்பாலும் அழிக்கத்தான் வேண்டும். எந்தச் சிலிண்டரையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே திரவம் விரிய இடம் வேண்டும்.