ஸ்டார்ச் கலந்த ரப்பர் முழுசா மக்குமா?
மரவள்ளி ஸ்டார்ச்சை செயற்கை ரப்பரில் கலந்தால் மொத்தப் பொருளும் மண்ணில் மக்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரிங்க. நுண்ணுயிரிகள் தின்பது ஸ்டார்ச்சை. ஸ்டைரீன் பியூட்டாடையீன் மாதிரியான ரப்பரை அவை கிட்டத்தட்ட தொடுவதே இல்லை, அதனால் ஸ்டார்ச் போன இடமெல்லாம் ஓட்டையாகி மிச்சம் பொடிப்பொடியாக உதிரவும் கூடும், பார்ப்பவருக்கு மக்கியது போலவே தெரியும் (விளம்பரக்காரர்களுக்கு அது போதுமே).

சோதிக்கணுமா? வெளிர் நிறத் துண்டு ஒன்றை எடை போட்டு, வலைப்பையில் கட்டி, ஈர மண்ணில் சில மாதம் புதைத்துவிட்டு, கழுவிக் காயவைத்து மறுபடி எடை பாருங்கள். எடைக் குறைவு ஏறக்குறைய ஸ்டார்ச்சின் பங்கோடு நின்றுவிடும். அப்புறம் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள்: புதைக்கும் முன் கருநீலமானது இப்போது ஆகாது, ஆனால் ரப்பர் கையிலேயே இருக்கும். கடையில் வாங்குவதென்றால் ஐஎஸ்ஓ 17088 (உரமாக்கும் ஆலையில் மக்கும் பிளாஸ்டிக்குக்கான சர்வதேசத் தரநிலை) சான்று கேளுங்கள், 180 நாளுக்குள் 90 சதவீத கார்பன் கரியமில வாயுவாக மாறணும் என்கிறது அது.